அதே அரை மைக்ரான் பவுடர்தான், ஆனால் மோல்டு நிறையவில்லை

கேள்வி:

ஐயா, கோவை அருகே சிறிய யூனிட் நடத்துகிறோம். ட்விஸ்டிங், வைண்டிங் மெஷின்களுக்கு வேண்டிய அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) நூல் கைடுகளை இன்ஜெக்‌ஷன் மோல்டிங் முறையில் செய்கிறோம். 100 கிலோ பவுடருக்கு, அதை ஓடவைத்துப் பிடித்துவைக்கும் பைண்டர் 18.7 கிலோ. பாரஃபின் மெழுகு, பாலிஎதிலீன், அதற்குள்ளேயே ஒரு கிலோ ஸ்டியரிக் அமிலம். நான்கு வருடமாக ஓடிய ரெசிபி. பழைய பவுடர் கிடைப்பது நின்றுபோனதால் வேறு இடத்தில் 500 கிலோ வாங்கினோம். தூய்மை 99.7 சதவீதம், துகள் அளவைச் சொல்லும் டி50 அரை மைக்ரான் என்று இரண்டு சான்றிதழிலும் ஒரே எண்தான். ஆனால் புதிய பவுடரில் முதல் நாளே ஷார்ட் ஷாட், மோல்டு முழுதாக நிறையவில்லை. வெப்பத்தை 160 டிகிரியிலிருந்து 175க்கு ஏற்றி, பிரஷரையும் கூட்டினோம். கலவை மோல்டுக்குள் நுழையும் கேட் பக்கம் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. கடைசியில் மெழுகைச் சேர்த்து பைண்டரை 21 கிலோ ஆக்கினோம். மோல்டு நிறைந்தது. இப்போது பைண்டரை வெளியேற்றும் டிபைண்டிங் அடுப்பில் தடித்த பகுதி உப்பி வெடிக்கிறது. தப்பி வருபவையும் சுட்ட பிறகு 12 மில்லிமீட்டருக்குப் பதில் 11.8தான் இருக்கின்றன. இன்னும் 300 கிலோ கையில் கிடக்கிறது. மெஷினில் எதை மாற்றிப் பார்ப்பது?

பதில்:

மெஷினில் எதையும் மாற்ற வேண்டாம். முதலில் வெப்பத்தையும் பிரஷரையும் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வையுங்கள். உங்கள் மெஷின் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கையில் வந்த சரக்கு வேறு என்று அது முதல் நாளே சொல்லிவிட்டது.

நீங்கள் அனுப்பிய இரண்டு சான்றிதழ்களின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தூய்மையும் டி50யும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது: பி.இ.டி. பரப்பளவு, அதாவது ஒரு கிராம் பவுடரில் உள்ள துகள்களின் மொத்த மேற்பரப்பு. பழைய பவுடருக்குக் கிராமுக்கு 4 சதுர மீட்டர், புதியதற்கு 8. உங்கள் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன.

வீட்டில் இடியாப்பம் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி அதேதான், ஆழாக்கு அதேதான், வேறு மில்லில் அரைத்து வந்த மாவு என்றால் நேற்று போதுமாக இருந்த வெந்நீர் இன்று போதாது. நைசாக அரைத்த மாவு கூடுதலாக நீர் கேட்கும். அதை ஊற்றாமல் அச்சில் போட்டு அழுத்தினால் கைதான் வலிக்கும். அளவுக்கு மேல் ஊற்றினால் பிழிவது சுலபம், ஆனால் இட்லித் தட்டில் படிந்து கூழாகிவிடும். நீங்கள் முதலில் அழுத்திப் பார்த்தீர்கள், அப்புறம் நீரை ஊற்றினீர்கள்.

டி50 என்பது பாதி எடை இதற்குக் கீழே, பாதி எடை இதற்கு மேலே என்று பிரிக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். கோட்டுக்கு இரு பக்கமும் என்ன கூட்டம் நிற்கிறது என்று அது சொல்லாது. நுண்ணிய துகள்கள் எடையில் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், பரப்பில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு பவுடரில் 90 சதவீதம் அரை மைக்ரான், 10 சதவீதம் மட்டும் 0.1 மைக்ரான் என்று வையுங்கள். உருண்டைத் துகள் என்று கணக்குப் போட்டால், அந்தப் பத்து சதவீதம் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. டி50 அசையவே அசையாது. பைண்டர் போய் ஒட்டுவது பரப்பில்தான், எடையில் இல்லை. இதனால்தான் 'நூறுக்கு 18.7' என்று எடையில் எழுதிவைத்த ரெசிபி பவுடர் மாறியதும் கைவிட்டுவிடுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். டி50 எண்ணைத் தரும் லேசர் கருவி, ஒட்டிக்கொண்டிருக்கும் துகள் கொத்தையும் ஒரே துகளாக எண்ணிவிடும். பரப்பளவிலிருந்து துகள் விட்டத்தைக் கணக்கிட எளிய வழி: 6ஐ அடர்த்தியாலும் பரப்பளவாலும் வகுக்க வேண்டும். அலுமினாவின் அடர்த்தி 3.98. உங்கள் பழைய பவுடருக்கு 0.38 மைக்ரான் வருகிறது. லேசர் சொன்ன 0.5க்குப் பக்கம்தான். புதியதற்கு 0.19. லேசரோ 0.5 என்கிறது. இரண்டுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருந்தால், நுண்தூள் நிறைய இருக்கிறது, அல்லது குட்டித் துகள்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கின்றன, அல்லது இரண்டும். கொத்தாக இருந்தால் நீங்கள் ஊற்றும் மெழுகில் ஒரு பகுதி கொத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஓட்டத்துக்கு உதவாது.

ஸ்டியரிக் அமிலத்துக்கு வருவோம். உங்கள் ரெசிபியில் பாவம் அதுதான் அதிகம் அடிபட்டிருக்கிறது. அதன் மூலக்கூறு ஒரு முனையில் அலுமினாவைப் பிடித்துக்கொண்டு, நீண்ட வாலை மெழுகுக்குள் நீட்டி நிற்கும். அந்த வால்கள்தான் ஒரு துகளை இன்னொன்றோடு ஒட்டவிடாமல் வைக்கின்றன. ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் ஏறக்குறைய 0.21 சதுர நானோமீட்டர். ஒரு சதுர மீட்டரை ஓர் அடுக்காக மூட 2.25 மில்லிகிராம் வேண்டும். பழைய பவுடர் 100 கிலோவை மூட 900 கிராம் போதும். நீங்கள் ஒரு கிலோ போட்டீர்கள், சரியாக இருந்தது. புதியதை மூட 1.8 கிலோ வேண்டும். அதே ஒரு கிலோவைப் போட்டதால் பரப்பில் பாதியளவு மொட்டையாக நிற்கிறது. மொட்டைத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நீங்கள் சேர்த்த 2.3 கிலோ மெழுகு இந்த வேலையைச் செய்யாது, ஏனென்றால் பாரஃபினுக்குப் பிடிக்கும் முனை கிடையாது. அது இடைவெளியை மட்டும் கூட்டும். மோல்டு நிறைந்தது, கொத்து அப்படியே இருந்தது.

சரி, ஸ்டியரிக் அமிலத்தை 1.8 ஆக்கி, மொத்தத்தைப் பழையபடி 18.7க்கே கொண்டுவந்தால் எல்லாம் சரியாகுமா? ஓரளவுக்குத்தான். அந்த வாலின் நீளம் 2.4 நானோமீட்டர் அளவு. துகளைச் சுற்றி நிற்கும் அந்தத் தோல், ஓட்டத்தைப் பொறுத்தவரை துகளின் பகுதிதான், அது நகராது. 0.38 மைக்ரான் துகளில் அந்தத் தோல் கனஅளவை 4 சதவீதம் கூட்டுகிறது. 0.19 மைக்ரான் துகளில் 8 சதவீதம். உங்கள் 18.7 கிலோ ரெசிபி கனஅளவில் 55 சதவீதம் பவுடர். தோலையும் சேர்த்தால் பழையது 57.1 ஆக நடந்துகொண்டது, புதியது 59.3 ஆக நடந்துகொள்கிறது. துகள்கள் முட்டி இறுகும் எல்லை 62 என்று வையுங்கள். எல்லைக்கு இருக்கும் தூரம் 4.9இலிருந்து 2.7 ஆகிவிட்டது. எல்லைக்கு அருகில் பாகுத்தன்மை அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக ஏறும் என்பது நன்றாகப் பழகிய கணக்கு. அதாவது பாகுத்தன்மை மூன்று மடங்குக்கு மேல். இரண்டு சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் மோல்டில் அது ஷார்ட் ஷாட்டாக வந்து நிற்கிறது.

கேட் பக்கம் விழுந்த சாம்பல் கோடு உங்கள் பாரலும் ஸ்க்ரூவும் தேய்ந்த இரும்பு. கடினத்தைச் சொல்லும் மோ அளவில் அலுமினா 9, எஃகைச் சாணை பிடிப்பதுபோல் அரைக்கும். ஓடாத கலவையைப் பிரஷர் கூட்டித் தள்ளும்போது இன்னும் மோசம். சுட்ட பிறகு அது பழுப்புப் புள்ளியாக நிற்கும், எந்த ஆலைக்காரரும் வாங்க மாட்டார். 175 டிகிரியில் வேறொரு நஷ்டமும் உண்டு. ஹாப்பரிலும் பாரலிலும் தங்கும் நேரத்தில் மெழுகின் இலேசான பகுதி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும், காலை ஷாட்டும் மாலை ஷாட்டும் ஒன்றாக இருக்காது. தயவுசெய்து திரும்பவும் 160.

உங்கள் 11.8 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போமா? இதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கணக்கு ஒட்டும்போது பயம் போய்விடும். மோல்டில் நிறைந்தபோது பவுடரின் பங்கு 0.55. சுட்ட பிறகு அடர்த்தி 0.99. இரண்டின் விகிதத்துக்கு மூன்றாம் மூலம் எடுத்தால் 0.822. அதாவது நீளத்தில் 17.8 சதவீதம் சுருங்கும். 12 மில்லிமீட்டர் வேண்டும் என்று உங்கள் மோல்டுக்காரர் 14.6க்கு வெட்டியிருப்பார். பைண்டரை 21 கிலோ ஆக்கியதும் பவுடரின் பங்கு 0.521 ஆகிவிட்டது. சுருக்கம் 19.3 சதவீதம். 14.6 மில்லிமீட்டர் 11.78 ஆகும். நீங்கள் அளந்தது 11.8. சூளையின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதே கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு இன்னொன்று: பவுடரின் பங்கு 55இலிருந்து 54.5க்கு இறங்கினாலே, 30 மில்லிமீட்டர் பாகத்தில் 0.09 மில்லிமீட்டர் குறையும். மிக்ஸிங் தராசின் முன் நிற்கும் ஆளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அளக்கும்போது கேட் திசையில் ஓர் அளவும் குறுக்கில் ஓர் அளவும் எடுத்தீர்களா? கடிதத்தில் இல்லை. எடுத்துப் பாருங்கள். அலுமினாத் துகள்கள் சில தயாரிப்புகளில் தட்டையான அறுகோணத் தகடுகளாக இருக்கும். ஓடும்போது தகடுகள் ஓட்டத்தின் போக்கில் படுத்துக்கொள்ளும், பிறகு ஒரு திசையில் ஒரு மாதிரியும் இன்னொரு திசையில் வேறு மாதிரியும் சுருங்கும். வட்டமான கண் முட்டை வடிவமாகிவிடும். நூல் கைடில் அது தலைவலி. இரண்டு திசையிலும் ஒரே அளவு வந்தால் உங்கள் பவுடரின் வடிவம் நல்ல வடிவம்தான், அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

டிபைண்டிங்கில் ஏன் தடித்த பகுதி மட்டும் உப்புகிறது? மெழுகு வெளியேறும் வழி துகள்களின் இடைவெளி. துகளின் அளவு பாதியானால் அந்த இடைவெளியின் வழியே வாயு போகும் சுலபம் நாலில் ஒன்றாகும், அளவின் வர்க்கத்துக்குக் குறைகிறது. தடிமன் கூடினால் ஆகும் நேரமும் தடிமனின் வர்க்கத்துக்கு ஏறும். மெல்லிய கொக்கிப் பகுதி தப்பிவிடுகிறது, அடிப்பகுதி மாட்டிக்கொள்கிறது. அதோடு நீங்கள் மெழுகையும் கூட்டியிருக்கிறீர்கள், வெளியேற வேண்டிய சரக்கு கூடுதல். கொத்து உடையாத இடங்களில் மெழுகு குட்டையாகத் தேங்கியும் இருக்கும். அந்தக் குட்டை ஆவியாகும்போது வழி இல்லாமல் தோலை உப்பவைக்கிறது. புதிய பவுடருக்கு 150இலிருந்து 300 டிகிரி வரை மணிக்கு 3 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். பாகங்களைப் புதைத்துவைக்கும் அலுமினாப் படுக்கையையும் மாற்றிப் புதிதாகப் போடுங்கள், பழைய படுக்கை மெழுகை உறிஞ்சிக் களைத்துப்போயிருக்கும்.

இவ்வளவு சொன்னதால் நுண்ணிய பவுடர் கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சூளையில் அதற்குத்தான் மதிப்பு. துகள் சிறியதானால் அடர்வதற்கு ஆகும் நேரம் அளவின் மூன்றாம், நான்காம் அடுக்கில் குறையும். பழைய பவுடரை 1600 டிகிரியில் சுட்டிருந்தால் புதியதை 1550இல் வைத்தே முழு அடர்த்தி எடுக்க முடியலாம். அப்படிச் செய்யாமல் அதே 1600இல் அதே நேரம் வைத்தால், அடர்ந்த பிறகு மிச்ச நேரமெல்லாம் செராமிக்கின் படிக மணிகள் வளரும். நூல் கைடில் மணி பெரிதானால், தேய்மானத்தில் முழு மணியே பெயர்ந்து விழும், அந்தக் குழியின் விளிம்பு இழையை வெட்டும். பளபளப்பு நீக்கிய பாலியஸ்டர் இழையில் டைட்டானியம் ஆக்சைடு இருக்கும், அது ஓடும் தடத்தை ஏற்கெனவே அரைத்துக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டு மூன்று வெப்பங்களில் பத்துப் பத்துப் பாகங்கள் சுட்டு, நீரில் எடை போட்டு அடர்த்தி பாருங்கள். அடர்த்தி நிறைந்ததும் அதற்கு மேல் ஒரு டிகிரிகூட வேண்டாம்.

கொத்து விஷயத்தில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு, இன்னும் மறக்கவில்லை. நான் வேலைபார்த்த ஓரிடத்தில், இட்ரியா சேர்த்த ஜிர்கோனியாவில் சின்னப் பாகங்கள் செய்தோம். பவுடர் ஸ்ப்ரே டிரை செய்த குருணையாக வந்தது, தொட்டால் ரவைபோல் கையில் உருளும். அது பிரஸ்ஸில் அமுக்குவதற்காகச் செய்த குருணை. பிரஸ்ஸில் அமுக்கும்போது உடையும், மெழுகுக்குள் மிதக்கும்போது உடையாது. எங்களுக்கு அப்போது அது தெரியவில்லை. நேராக சிக்மா மிக்ஸரில் கொட்டி இரண்டு மணி நேரம் ஓட்டினோம். கலவை வெண்ணெய்போல் வந்தது. மோல்டு நிறைந்தது, டிபைண்டிங்கில் ஒரு கீறல் இல்லை, சுட்ட பாகம் தந்தம்போல் மின்னியது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். வளைவுச் சோதனையில் வைத்தால் எதிர்பார்த்ததில் பாதிப் பலம்தான் இருந்தது. உடைந்த முகத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி வளையமாக ஒரு வெடிப்பு, மெதுவடைபோல். 50 மைக்ரான் அளவுள்ள ஒரு குருணை, உடையாமல் மெழுகு வழியாகவும் அச்சு வழியாகவும் சூளை வழியாகவும் வந்து, தன் போக்கில் சுருங்கி, சுற்றியிருந்ததிலிருந்து பிரிந்து நின்றிருந்தது. ஒவ்வொரு பாகத்திலும் அதே வடை. கணக்கும் அதையே சொல்கிறது: 1000 மெகாபாஸ்கல் தாங்கும் ஜிர்கோனியாவில் 16 மைக்ரான் குறையே உடைவைத் தொடங்கிவைக்கும் அளவு. 50 மைக்ரான் இருந்தால் 550 பக்கம் இறங்கிவிடும். அந்த லாட் முழுவதும் போயிற்று.

ஓட்டம் நன்றாக இருப்பதும் கலவை நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. நீங்களும் 21 கிலோவில் மோல்டு நிறைந்ததைப் பார்த்து நிம்மதி அடைந்திருப்பீர்கள். மோல்டுக்குக் கலவை ஓடும் வாய்க்காலில் உறைந்து நிற்கும் ரன்னர் துண்டு ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தைச் சாதாரண நகைக்கடை லென்ஸில் பாருங்கள். வெள்ளை வெளேரென்று மங்கலான புள்ளிகள் தெரிந்தால் அவை மெழுகு ஏறாத கொத்துகள். சீராக, மெழுகுபூசியதுபோல் ஒரே நிறமாக இருந்தால் கலவை தேறிவிட்டது.

இனி உங்கள் கையில் இருக்கும் 300 கிலோ.

முதலில் உலர்த்துங்கள். 8 சதுர மீட்டர் பரப்புள்ள பவுடர் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் சாக்கைத் திறந்து வைத்தால் கேட்கவே வேண்டாம். ஸ்டியரிக் அமிலம் உட்கார வேண்டிய இடத்தில் நீர் உட்கார்ந்திருக்கும். 120 டிகிரியில் ஓர் இரவு வைத்து, சூடாக இருக்கும்போதே மூடிய டப்பாவுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது எண்ணெய்ச் சோதனை. பெயின்ட் தொழிலில் காலங்காலமாகச் செய்வது, செலவே இல்லை, நம் தொழிலில் இதைவிட உண்மை பேசும் சோதனை எனக்குத் தெரியாது. உலர்ந்த பவுடர் 100 கிராம் எடுத்துக் கண்ணாடிப் பலகையில் வைத்து, எண்ணெய்போல் இருக்கும் ஒலியிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தட்டைக் கத்தியால் அழுத்தி அழுத்திப் பிசையுங்கள். முதலில் ஈர மணல்போல் உதிரும், அப்புறம் சின்னச் சின்ன உருண்டையாகும், ஒரு கட்டத்தில் முழுவதும் ஒரே உருண்டையாகச் சேர்ந்து கத்தியோடு வரும். அந்த இடத்தில் நிறுத்தி எண்ணெயின் எடையைப் பாருங்கள். 16 கிராம் ஆகியிருந்தால் பவுடர் இறுகும் எல்லை கனஅளவில் 58 சதவீதம். 20 கிராம் குடித்திருந்தால் 53. மேலே நான் வைத்த 62 பொதுவான ஓர் எண்தான், இந்தச் சோதனை உங்கள் பவுடரின் சொந்த எண்ணைத் தரும். ஒருவர் பிசைவதற்கும் இன்னொருவர் பிசைவதற்கும் கொஞ்சம் மாறும், ஆகவே பழைய பவுடர் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அதையும் அதே கையால் செய்து ஒப்பிடுங்கள். உற்பத்திக்கு அந்த எல்லையிலிருந்து 3 முதல் 5 சதவீதம் கீழே இறங்கி நிற்க வேண்டும்.

பிறகு உருண்டைகளைப் போட்டுச் சுழற்றி அரைக்கும் பால் மில். அலுமினா பதித்த ஜாடி, அலுமினா உருண்டை. எஃகு வேண்டாம். 100 கிலோவுக்கு 1.8 கிலோ ஸ்டியரிக் அமிலத்தைப் பவுடரோடு சேர்த்து, உலர்வாகவே எட்டு மணி நேரம் ஓட்டுங்கள். கொத்து உடைய உடைய, வெளிப்படும் புதுப் பரப்பில் அமிலம் அப்போதைக்கப்போதே ஏறிக்கொள்ளும். மிக்ஸரில் கடைசியில் போடுவதைவிட இது பல மடங்கு மேல். 1.8க்கு மேல் தாராளமாகப் போட வேண்டாம். பரப்பில் இடம் கிடைக்காத அமிலம் மெழுகுக்குள் இருந்துகொண்டு, பாகத்தைத் தளர்த்தி, டிபைண்டிங்கில் இன்னொரு உப்பலைத் தரும்.

இப்படித் தயாரித்த பவுடரை 100 கிலோவுக்கு மொத்தம் 20.3 கிலோ பைண்டரோடு கலந்தால் கனஅளவில் 53 சதவீதம் வரும். தோலைச் சேர்த்தால் 57.2. பழைய கலவை நடந்துகொண்ட அதே இடம். 160 டிகிரியில் பழைய பிரஷரிலேயே மோல்டு நிறையும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் சுருக்கம் 18.8 சதவீதம் ஆகும், அளவு 11.85தான் வரும். உங்கள் வாடிக்கையாளர் அதை ஏற்றுக்கொண்டால் பிரச்சினை முடிந்தது.

ஏற்காவிட்டால், கலப்பதுதான் என் யோசனை. கான்கிரீட் போடுகிறவர்கள் ஜல்லி மட்டும் போடுவதில்லை, ஜல்லியின் சந்தில் மணல், மணலின் சந்தில் சிமென்ட். பவுடரும் அப்படித்தான். ஒரே அளவு உருண்டைகளைக் குலுக்கி நிரப்பினால் 64 சதவீதம்தான் நிறையும். சந்துகளில் போய் உட்காரும் அளவுக்குச் சிறிய துகள்களைச் சேர்த்தால் எல்லை மேலே போகும், சந்தில் சும்மா தேங்கியிருந்த மெழுகு ஓட்டத்துக்குக் கிடைக்கும். உங்களிடம் இருப்பது நல்ல மணல். ஜல்லிதான் இல்லை. பரப்பளவு 2 முதல் 3 சதுர மீட்டர் இருக்கும் அலுமினா 60 பங்கு, உங்கள் புதிய பவுடர் 40 பங்கு என்று தொடங்குங்கள். சராசரிப் பரப்பு 4.7க்கு வந்துவிடும், ஸ்டியரிக் அமிலம் 1.05 கிலோ போதும். பழைய 18.7 கிலோ பைண்டருக்கே இது ஒத்துவரும் என்பது என் கணிப்பு, எண்ணெய்ச் சோதனை அதை உறுதிசெய்யட்டும். சூளையை மட்டும் இதற்கு 1550க்கு இறக்க முடியாது, பெரிய துகள்களுக்காக 1600 பக்கமே வைக்க வேண்டியிருக்கும். பெரிய துகள் மிகவும் பெரிதாக, 3, 4 மைக்ரான் என்று போய்விடக் கூடாது. அது அடர மறுக்கும், சுற்றியிருக்கும் நுண்துகள்கள் சுருங்கும்போது நடுவில் கல்லாக நின்று வெடிப்பு கிளப்பும்.

ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு சின்னச் சோதனைகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒன்று, ரன்னர் துண்டைக் காற்றிலும் நீரிலும் எடை போட்டு அடர்த்தி பார்ப்பது. 55 சதவீதக் கலவைக்கு 2.60 வர வேண்டும். நீங்கள் இப்போது ஓட்டும் 21 கிலோ கலவையைப் போட்டுப் பாருங்கள், 2.51 பக்கம் நிற்கும். அதைவிடவும் குறைந்தால் உள்ளே காற்று இருக்கிறது. இன்னொன்று, மோல்டிலிருந்து வந்த பச்சைப் பாகத்தைக் கேட் அருகே ஒரு துண்டும் கடைக்கோடியில் ஒரு துண்டும் வெட்டி, தனித்தனியாக எரித்து எடை இழப்பைப் பார்ப்பது. 18.7 கிலோ ரெசிபியில் இரண்டும் 15.75 சதவீதம் இழக்க வேண்டும். இரண்டுக்கும் 0.2க்கு மேல் வித்தியாசம் என்றால் ஓடும் வழியில் மெழுகு முன்னே ஓடிவிட்டது, பவுடர் பின்தங்கிவிட்டது. அப்படி வந்தால் ஊசிபோடும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், கேட்டையும் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். மெஷினில் கை வைக்கச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

இனி பவுடர் வாங்கும்போது டி50யோடு டி10, டி90, பரப்பளவு, சோடா அளவு, குலுக்கிய அடர்த்தி ஆகியவற்றையும் எழுதி வாங்குங்கள். பரப்பளவுக்கு அரை சதுர மீட்டர் மேலோ கீழோதான் போகலாம் என்று ஆர்டரிலேயே போட்டுவிடுங்கள். முதலில் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், நல்ல சப்ளையர் தருவார். சந்தேகம் வந்தால் வெளியே கொடுத்து அளக்கலாம். ஹைதராபாத்தில் ஏஆர்சிஐ, கொல்கத்தாவில் சிஜிசிஆர்ஐ இரண்டும் பவுடர், செராமிக் ஆராய்ச்சிக்கென்றே இருப்பவை. பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றிலேயே பி.இ.டி. கருவி இருக்கவும் கூடும், விசாரியுங்கள்.

இந்தத் தொழில் புதிதல்ல. அமெரிக்காவில் 1930களிலேயே ஸ்பார்க் பிளக் இன்சுலேட்டரை இப்படி ஊசிபோட்டு வார்த்தார்கள். அதில் முன்னோடியான கார்ல் ஷ்வார்ட்ஸ்வால்டர் 1949இல் இந்த முறையைப் பற்றி எழுதினார். லேசர் அளவியும் இல்லாத காலம் அது. கண்ணாடிப் பலகையும் தட்டைக் கத்தியும் மட்டும் அப்போதும் இருந்தன, உங்களுக்கும் இந்த வாரம் அவை போதும்.

300 கிலோவையும் ஒரே நாளில் மில்லில் போட வேண்டாம். முதலில் 5 கிலோ. எண்ணெய்ச் சோதனையில் எத்தனை கிராம் வந்தது, ரன்னர் அடர்த்தி எவ்வளவு, கேட் துண்டும் கடைத் துண்டும் எவ்வளவு இழந்தன, வட்டத்தின் இரண்டு அளவு என்ன என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். 60:40 கலவையில் 40ஐ 35 ஆக்குவதா 45 ஆக்குவதா என்பதை அந்த எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.